டச்சு நெடுஞ்சொற்களை எங்கே முறிப்பது?

நம்பிக்கை: டச்சுச் சொற்கள் வாயில் நுழையாத அளவுக்கு நீளமானவை.

உண்மை: 'ஆர்பைட்ஸ்ஒன்ஹஸ்ஹிக்ட்ஹைட்ஸ்ஃபெர்ஸேகரிங்'. டச்சு எழுத்தில் 33 எழுத்துகள், 10 அசைகள். பார்த்தால் மலைப்புதான். உள்ளே இருப்பவையோ மூன்றே சொற்கள்: வேலை, இயலாமை, காப்பீடு. உழைக்க முடியாமல் போனவருக்கு வருமானம் தரும் காப்பீடு இது. முதலிரண்டு சொற்களின் முடிவிலும் ஒரு 'ஸ்' ஒட்டியிருக்கிறது. அதற்கெனத் தனிப்பொருள் கிடையாது. கரும்பின் கணுபோல, ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் காட்டுகிறது.

நம்பிக்கை: எழுத்தைப் பார்த்தாலே பிரிக்கும் இடம் தெரிந்துவிடும்.

உண்மை: அந்த 'ஸ்' ஒலியே சில சமயம் காலை வாரும். 'க்வார்ட்ஸ்லாஹன்' என்பதை 'க்வார்ட்', 'ஸ்லாஹன்' என்று பிரித்தால் கால்வட்டத் திருப்பங்கள். 'க்வார்ட்ஸ்', 'லாஹன்' என்றால் குவார்ட்ஸ் அடுக்குகள். முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இன்னொரு சொல்லில் வேடிக்கை அதிகம். எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஆனால் 'மஸாஷபெட்' என்று 'ஸா'வை அழுத்தினால் மசாஜ் கட்டில், 'மஸாஹபெட்' என்று 'ம'வை அழுத்தினால் பெருந்திரள் பிரார்த்தனை. தேவாலய அறிவிப்புப் பலகையில் இதை எழுதுகிறவர் நடுவே ஒரு சிறுகோடு போட்டுவிடுவது நல்லது. டச்சு எழுத்துமுறை அதை அனுமதிக்கிறது.

நம்பிக்கை: எழுதியபடியே உச்சரிக்க வேண்டும்.

உண்மை: 1995 எழுத்துச் சீர்திருத்தம் 'பன்னகூக்' என்ற அப்பத்தின் நடுவே ஒரு 'ன்' சேர்த்தது. நெதர்லாந்தில் பெரும்பாலோர் இன்றும் அதை வாயால் சொல்வதில்லை.

நம்பிக்கை: கூட்டுச்சொல்லில் அழுத்தம் எப்போதும் முதல் உறுப்பின்மேல்தான்.

உண்மை: பெரும்பாலும் சரி. மருத்துவமனையான 'ஸீக்கன்ஹெய்ஸ்' முதல் அசையில் அழுந்தும். அதே 'ஹெய்ஸ்' வந்தும், நகர மன்றக் கட்டடமான 'ஸ்டட்ஹெய்ஸ்' இரண்டாவதில் அழுந்தும். அங்கே அமரும் மேயர், 'புர்ஹமேஸ்டர்', மூன்றாவதில்! இவற்றையெல்லாம் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

நம்பிக்கை: அழுத்தம் தவறினால் கேட்க நயமிராது, அவ்வளவுதான்.

உண்மை: 'ஓவர்ட்ரைவன்' என்ற வினையில் 'ஓ' அழுந்தினால் மேகம் கடந்துபோகிறது என்று பொருள், 'ட்ரை' அழுந்தினால் மிகைப்படுத்துவது. இலக்கணமும் கூடவே மாறுகிறது. அழுத்தம் பெற்ற 'ஓவர்' வாக்கியத்தில் வினையைவிட்டுக் கழன்று கடைசிக்குப் போய்விடும்: மழை கடந்துபோகிறது என்பதற்கு 'ட்ரைஃப்ட் ஓவர்'. மிகைப்படுத்துகிறவரின் 'ஓவர்' மட்டும் வினையோடு ஒட்டியே நிற்கும்.