பிளாரன்ஸில் பெற்றோருடன் கோபுரம் ஏறும் முன்

பேராலயக் குவிமாடத்துக்கு 463 படிகள், பக்கத்து ஜோட்டோ மணிக்கூண்டுக்கு 414. இரண்டிலும் லிஃப்ட் கிடையாது. ஏறியே தீருவேன் என்று அப்பா சொன்னால் மணிக்கூண்டுக்கே அழைத்துப் போங்கள். நடுவே தளங்கள் உண்டு. மூச்சு வாங்கினால் நின்று, அங்கிருந்தே ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். முழங்காலுக்கு இறங்குவதுதான் கஷ்டம். நீங்கள் ஒரு படி முன்னால் இறங்குங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு மூட்டுவலியா? ஆர்னோ ஆற்றின் அக்கரையில் மைக்கலாஞ்சலோ சதுக்கம் இருக்கிறது. பஸ் மேலேயே கொண்டுபோய் விடும், சதுக்கத்துக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. குவிமாடத்தின் மேல் நிற்பவர்களுக்கு அந்தச் செந்நிறக் குவிமாடம் எங்கே தெரியும்? இங்கிருந்து அதுவும் ஆற்றுப் பாலங்களும் ஒரே பார்வையில் தெரியும். அந்தி நேரத்தில் கூட்டம் நெரியும். கொஞ்சம் முன்னதாகவே போய் உட்கார இடம் பிடித்துவிடுங்கள்.