வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலம் கழிக்கும் மலைக்காடு
மெக்ஸிகோ தேசத்து மிச்சோவகான் மாகாணத்தில், சுமார் 3,000 மீட்டர் உயரமுள்ள மலைக்காடுகளுக்கு, மோனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சிகள் கானடாவினின்றும் அமெரிக்க ஐக்கிய நாடுகளினின்றும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து சேர்கின்றன. பங்குனி வரையில் ஒயாமெல் மரங்களில் கிளை தெரியாதபடி அப்பிக்கொண்டிருக்கும். காணச் செல்வோருக்குக் காட்டுரிமை பெற்ற கிராமத்தாரே வழிகாட்டிக் கூலி பெறுகின்றனர், அங்கே சத்தமிடலாகாது.

மரச்செறிவே இப்பூச்சிகளுக்குக் குடையும் போர்வையுமாகும். உலர்ந்த பூச்சி தாங்கும் குளிரை நனைந்த பூச்சி தாங்காது. ஆகையால் மரம் வெட்டிய இடைவெளிகளில், மழையை அடுத்துக் கடுங்குளிர் வருமாயின், அவை திரள்திரளாய் மாண்டு வீழும்.

இவற்றின் புழுக்கள் தின்பது, நம் எருக்கின் குடும்பத்தைச் சார்ந்த பாற்செடிகளை மட்டுமே. வட அமெரிக்க மக்காச்சோள வயல்களில் களைக்கொல்லி தெளித்ததில் அச்செடிகள் பெரிதும் ஒழிந்தமையும் பூச்சிகள் குன்றியதற்கு ஒரு காரணமென்பர். 1996-97 குளிர்காலத்தில் சுமார் 18 ஹெக்டேர் காட்டில் தங்கிய கூட்டம், 2013-14இல் 0.67 ஹெக்டேரில் அடங்கிவிட்டது.