பவர் வீடர்: பிளேடில் கை வைக்கும் முன் பிளக் வயரைக் கழற்றுங்க

வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் வாங்கிய பவர் வீடர் வீட்டில் இருக்கிறதா? பிளேடில் புல், கயிறு சுத்திக்கிச்சுன்னா அவசரப்பட்டு கையை விடாதீங்க.

1. இன்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாங்க. பிளேடு முழுசா நிற்கட்டும்.

2. பெட்ரோல் இன்ஜின் என்றால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்க. சுவிட்ச் பழுதாகி, கியரும் விழுந்திருந்தால், பிளேடைத் திருப்பும்போது இன்ஜினும் சுழன்று சட்டென ஸ்டார்ட் ஆகலாம். வயர் கழன்றிருந்தால் தீப்பொறி வராது.

3. கையுறை போட்டு, குச்சியால் அகற்றுங்க.

4. இன்ஜின் சூடு ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்க. ஆயில் அளவை சமதரையில் நிறுத்திப் பாருங்க.

5. மூடிய அறையில் ஓட்டிப் பார்க்காதீங்க. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது; உயிரையே பறிக்கும்.

காயம் பட்டால் உடனே 108-ஐ அழையுங்க. இயந்திரம் ஓட்டும் எல்லோருக்கும் இதைப் பகிருங்க.