மின் பிரஷ் வாங்கலாமா?

அன்புள்ள நிலாவுக்கு,

மின் பிரஷ் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அது வெறும் விளம்பரச் சரக்கு இல்லை. 2014இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 50-க்கும் மேற்பட்ட சோதனைகளைத் திரட்டி அலசியது. மூன்று மாதத்துக்கு மேல் மின் பிரஷ்ஷால் தேய்த்தவர்களுக்கு, சாதா பிரஷ்காரர்களைவிடப் பல்லில் படியும் அழுக்குப் படலம் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைந்திருந்தன. ஆனால் அதனால் பல் கூடுதலாக எத்தனை வருஷம் நிலைக்கும் என்று அந்த அலசல் சொல்லவில்லை.

மின் பிரஷ் செய்வது கை அசைக்கிற வேலையை மட்டும். எங்கே வைப்பது என்பது உன் பொறுப்புதான். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில்தான் படலம் குடியிருக்கும். மென்மையான இழையுள்ள பிரஷ்ஷை 45 பாகை சாய்த்து, இழை நுனி ஈறு விளிம்பைத் தொடும்படி வைத்து, இருந்த இடத்திலேயே மெல்ல அதிரவிடு. கீழ்வரிசை முன்பற்களின் நாக்குப் பக்கத்தை விட்டுவிடாதே. எச்சில் சுரப்பியின் வாய் பக்கத்திலேயே இருப்பதால் காரை முதலில் கட்டுவது அங்கேதான். பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடித்தால்தான் எட்டும். பாத்திரம் விளக்குவதுபோல் அழுத்தித் தேய்த்தால் ஈறுதான் கீழிறங்கும்.

மின் பிரஷ்ஷில் அந்தத் தேய்ப்பே கூடாது. ஒவ்வொரு பல்லிலும் சில நொடி வைத்து நகர்த்தினால் போதும். பல மாடல்கள் 30 நொடிக்கொரு தடவை அதிர்ந்து இடம் மாறச் சொல்லும். இரண்டு நிமிஷம் ஆனதும் நிறுத்தச் சொல்லும். கையால் தேய்க்கிறவர்களில் பலர் அதற்குள் கொப்பளித்தே முடித்திருப்பார்கள். என் கணக்கில் பாதிப் பலன் அந்தக் கடிகாரத்துக்குத்தான். அது உன் போனிலும் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் 1954இல் பிராக்ஸோடென்ட் என்ற மின் பிரஷ் வந்தபோதே, கை ஒத்துழைக்காதவர்களையும் பல்லுக்குக் கம்பி போட்டவர்களையும் மனத்தில் வைத்துத்தான் செய்தார்கள். ஆச்சிக்கு விரல் மடங்குவதில்லையே, வாங்குவதானால் முதலில் அவருக்கு வாங்கு. பருத்த கைப்பிடி அவருக்குப் பிடிக்கச் சுலபம். உனக்குக் கை நன்றாகவே இருக்கிறது.

அதையும் மீறி வாங்கினால், மூன்று நான்கு மாதத்துக்கொரு தடவை தலைப்பகுதியை மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள். சாதா பிரஷ்ஷுக்கும் அதே கெடுதான். இழை விரிந்துவிட்டால் அதற்கு முன்பே தூக்கிப் போடு. எதில் தேய்த்தாலும் பல்லிடுக்குக்குள் இழை நுழையாது, அதற்குத் தனியாக நூல் வேண்டும். ராத்திரி ஃப்ளோரைடு பேஸ்ட்டால் தேய்த்தபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசாதே.

அன்புடன்,
சித்தி