பற்றாத கீசர்: பழி மட்டும் சிலிண்டருக்கு

இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் நம்முடையது. சாரல் பிடித்துவிட்டால் வடசேரியில் காலைக் குளியலுக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது. அந்த நேரம் பார்த்து கேஸ் கீசர் பற்றாமல் நின்றால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவற்றில் சில வீண் செலவு வைக்கும். சில உயிருக்கே உலை வைக்கும்.

“சிலிண்டர் தீர்ந்திருக்கும்.”

கீசர் பற்றுவது தண்ணீரில்தான் தொடங்குகிறது. குழாயைத் திறந்ததும் ஓடும் தண்ணீர் உள்ளேயுள்ள ரப்பர் டயாஃப்ரத்தைத் தள்ளும், அது ஒரு சின்ன சுவிட்சைத் தட்டும். பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து ‘டிக் டிக்’கென்று பொறி தெறிக்கும். கூடவே மின்வால்வு கேஸைத் திறந்துவிடும். சில நொடிகளில் தீ பிடிக்கவில்லை என்றால் வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

அதனால் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். டிக் டிக் சத்தமே இல்லையென்றால் சிலிண்டரைத் தொடவே வேண்டாம், கோளாறு பெரும்பாலும் தண்ணீரிலோ பேட்டரியிலோதான். சத்தம் கேட்டும் தீ வராவிட்டால் கேஸ் பக்கம் பாருங்கள். புது சிலிண்டர் மாட்டிய அன்று ட்யூபில் நிற்கும் காற்று வெளியேறும்வரை இரண்டு மூன்று தடவை குழாயைத் திறந்து மூட வேண்டிவரும். அது பழுது இல்லை.

“தண்ணீர் நன்றாகத்தானே வருகிறது?”

ஆளை அதிகம் ஏமாற்றுவது இந்த நம்பிக்கைதான். வாளி நிறைகிறது என்பதால் கீசருக்கு வேண்டிய அழுத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் தருவது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். பல கீசர்களுக்குக் குறைந்தது 0.2 முதல் 0.3 பார் வரை வேண்டும், அதாவது டேங்க் இரண்டு மூன்று மீட்டராவது மேலே இருக்க வேண்டும். ஒற்றைத்தள வீட்டு மட்டுப்பாவில் வைத்த டேங்குக்கும் ஆள் உயரத்தில் மாட்டிய கீசருக்கும் இடையே ஏழெட்டு அடிதான் தேறும். நூலிழையில் பிழைப்பு! பைப்பில் இரண்டு வளைவு கூடினாலே போதும், பற்றாது.

தண்ணீர் நுழையும் இடத்து நட்டைக் கழற்றினால் விரல்நுனி அளவில் ஒரு வலை இருக்கும். மழைக்காலத்தில் டேங்கின் அடியில் படியும் வண்டல் வந்து அடைவது அங்கேதான். பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்து ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். இப்போது பற்றினால் குற்றவாளி ஷவர் துளைகளில் படிந்த வெள்ளை உப்பு. பச்சைத் தண்ணீரையும் சேர்த்துத் திறக்கும் மிக்சர் குழாயாக இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுச் சோதியுங்கள். இத்தனைக்கும் பிறகும் பற்றாவிட்டால் டேங்கை உயர்த்துவதோ சிறு பிரஷர் பம்ப் வைப்பதோதான் வழி.

“பேட்டரி டார்ச்சில் எரிகிறதே.”

எல்.இ.டி. டார்ச் சோர்ந்த பேட்டரியிலும் எரியும். பொறியையும் தட்டி, வால்வையும் இழுத்துப் பிடிக்க அது போதாது. இரண்டு பெரிய 1.5 வோல்ட் பேட்டரிகளையும் ஒன்றாக மாற்றுங்கள். முனையில் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருப்பதை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

“அடுப்பு எரிகிறது, அப்போ கேஸில் குறையில்லை.”

நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற 10 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். வீட்டு அடுப்பின் ஒரு பர்னருக்கு 2 கிலோவாட் போதும். அடுப்புக்குப் பத்துகிற கேஸ் கீசருக்குப் பத்தாமல் போகலாம்.

இந்த இடத்தில்தான் ஒருவர் வந்து “ஹை பிரஷர் ரெகுலேட்டர் போடுங்க” என்பார். தயவுசெய்து கேட்காதீர்கள். வீட்டு ரெகுலேட்டர் 30 மில்லிபார் அளவில் கேஸ் தருவது, கீசரும் அதற்கென்றே செய்தது. அழுத்தம் கூடினால் தீ வெளியே சீறும், இணைப்புகள் கசியும். தீக்குச்சி கிழித்து உள்ளே நீட்டுவதும் வேண்டாம், தேங்கிய கேஸ் ஒரேயடியாகப் பற்றி முகத்தில் அடிக்கும். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

“பற்றிவிட்டது, வாடையும் இல்லை. இனி பயமில்லை.”

தீயின் நிறத்தைப் பாருங்கள். ஊதுகுழல் பிடித்துக் கோயில் நகைக்குப் பற்றுவைக்கும் வடசேரி ஆசாரிமாருக்கு நீலத் தீயையும் மஞ்சள் தீயையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீசரில் மஞ்சளாக எரிந்தால் கேஸ் சரியாக எரியவில்லை என்று பொருள். பர்னரில் சிலந்தி வலையோ கரியோ அடைத்திருக்கும். அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய அறைக்குள் காற்று குறைந்தால் நீலத் தீயும் அதை உண்டாக்கும். ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும் நஞ்சு அது. தலை கனக்கும், குமட்டும், தாழ்ப்பாளைத் திறக்கக் கைக்கு வலு இருக்காது.

கையில் தூக்கிவைக்கும் சின்னக் கீசரானாலும் அதன் இடம் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில். பைப் மட்டும் உள்ளே போகட்டும். சாரல் அடிக்கிறது என்று சன்னலை அடைத்துவிட்டு உள்ளே வைத்து ஓட்டுவதை நான் எந்த நிலையிலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யாராவது உள்ளே மயங்கிக் கிடந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்து ஆளை வெளியே இழுத்துப் போடுங்கள். கேஸை மூடுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள், இந்த நஞ்சு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் என்றே கணக்கிடும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனதும் “கேஸ் கீசர் ஓடின பாத்ரூமுல விழுந்துட்டாங்க” என்பதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.