மழைக்கு முன் டிராக்டர்: வாளி முழங்காலுக்குக் கீழேயே இருக்கட்டும்

செப்டம்பர் பிறந்துவிட்டது. பினாங்கில் ஆண்டிலேயே அதிகமாக மழை கொட்டுவது இந்த மாதத்திலும் அக்டோபரிலும்தான், நவம்பரிலும் விடாது. பட்டர்வொர்த்தில் அடைமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால், பிறை ஆற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் லோங்காங்கிலேயே (வடிகாலிலேயே) தேங்கி வீட்டுக்குள் திரும்பும். 2017 நவம்பர் 4 வெள்ள இரவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ராணுவத்தையே உதவிக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மிஞ்சியது சேறு, கணுக்கால் ஆழத்துக்கு.

அந்தச் சேற்றைத் தள்ளத்தான் நாற்றுப் பண்ணைக்காரர்களும் புல்வெட்டுக் குத்தகைக்காரர்களும் முன்னால் வாளி பூட்டிய தங்கள் சிறு டிராக்டரைக் கொண்டுவருகிறார்கள். நல்ல காரியம். பல பேர் சங்கூல் (மண்வெட்டி) பிடித்து நாள் முழுக்கச் செய்வதை அது சீக்கிரமே முடித்துவிடும். ஆனால் போன நவம்பரில் நான் கண்ணால் பார்த்தது இன்னொரு முறை நடக்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டி. கிரீஸ் அடியுங்கள், ஒரு நிப்பிளையும் விடாமல். ஹைட்ராலிக் எண்ணெய் அளவு பாருங்கள். முன் டயர் காற்றைச் சரிபாருங்கள். பாரம் முழுக்க அதன் மேல்தான். குழாயில் கசிவு இருந்தால் கையால் தடவித் தேடாதீர்கள், ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அழுத்தத்தில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், விட்டுவைத்தால் விரலையே எடுக்க வேண்டி வரும். பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பூட்ஸ், கையுறை கட்டாயம். வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும்.

அடுத்தது தகடு. பனி விழும் நாடுகளில் இதே மாதிரி வண்டியின் முன் கையில் அகலமான தகடு மாட்டிப் பனி தள்ளுவார்கள். அந்தப் படங்களைக் காட்டி, "இதே மாதிரி வெல்டிங் பண்ணிக் கொடுங்கள்" என்று பட்டறையில் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் புதிதாக விழுந்த பனி கனமீட்டருக்குச் சுமார் 100 கிலோ. நம் ஈரச்சேறு 1,600 கிலோவைத் தாண்டும். கனமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளும் சின்ன வாளியை நிரப்பினால், அங்கே 20 கிலோ, இங்கே 320 கிலோ. பல சிறு வண்டிகளின் தூக்கும் சக்தியே அவ்வளவுதான். ஆகவே தகடு பின்சக்கரங்களின் தடத்தை மறைத்தால் போதும், அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம். வாளியின் உதட்டில் கிளாம்ப் போட்டு மாட்டினால் உதடு மடங்கும். வாளியைக் கழற்றிவிட்டு அதன் இடத்திலேயே பூட்டுங்கள். தகட்டின் அடியில் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை நான்கு விரல் தொங்கவிட்டு போல்ட் போடுங்கள். வாசல் ஓடும் பெயராது, மேன்ஹோல் மூடியில் முட்டினாலும் கை வளையாது. அந்தக் கைகள் தூக்குவதற்குச் செய்தவை. தகட்டின் ஒரு முனை மட்டும் வேகமாக எதிலாவது மோதினால் முறுக்கிக்கொள்ளும். சின்ன கியர், நடக்கிற வேகம்.

பின்பக்கம் எதிர்ப்பாரம் கட்டாயம். முன்னால் சுமை ஏறினால் பின்சக்கரம் லேசாகிவிடும், பல வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். பெட்டியில் கான்கிரீட் ஊற்றி பின்கொக்கியில் மாட்டுங்கள். சுமையோடு சரிவில் ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி.

இனி, தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

வாளியை உயர்த்திக்கொண்டு ஓட்டாதீர்கள். சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டி நகரும்போது வாளி தரையிலிருந்து ஓர் அடிதான், முழங்காலுக்குக் கீழே. தூக்குவது லாரியில் கொட்டுகிற இடத்தில் மட்டும், அதுவும் வண்டி நின்ற பிறகு.

போன நவம்பரில் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து. ஓட்டியவர் அனுபவசாலி. கூட்டி முடித்த பாதையில் சேறு சிந்தக் கூடாதே என்று வாளியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல மனசு. கார் நிறுத்தும் கூரைக்குள் நுழைய வேண்டி, தலைக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்புக் கம்பியைக் காலையில் மடக்கியிருந்தார், வெளியே வந்த பிறகும் நிமிர்த்தவில்லை. லோங்காங் ஓர மண் ஊறிப் போயிருந்தது. இடது முன்சக்கரம் ஒரு சாண் இறங்கியது, அவ்வளவுதான். மேலே இருந்த 300 கிலோ வண்டியை இழுத்துச் சாய்த்தது. நான் ஓடிப் போனபோது பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒற்றைச் செருப்பு சேற்றில் நேராக நின்றது. ஆள் உயிரோடு இருக்கிறார், ஊன்றுகோலோடு.

சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறீர்கள். மறுநாளே வாளி மேலே போகிறது! "ஒரு நிமிஷ வேலைதான் சார்" என்கிறீர்கள். கவிழ்வதற்கு ஒரு வினாடி போதும், தம்பி. சேறு சிந்தினால் சிந்தட்டும், திரும்பக் கூட்டிக்கொள்ளலாம். வாளி கீழே. கம்பி மேலே.

கம்பி நிமிர்ந்திருந்தால் பெல்ட் போடுங்கள். மடக்கியே தீர வேண்டிய இடத்தில் பெல்ட் போடாதீர்கள். கவிழ்ந்தால் அது உங்களை வண்டிக்கு அடியிலேயே கட்டிவைக்கும். கூரையைத் தாண்டியதும் இறங்கி நிமிர்த்திவிட்டு மறுபடி ஏறுங்கள். சுவீடன் 1959இலேயே புது டிராக்டர்களுக்கெல்லாம் இந்தக் கம்பியைக் கட்டாயமாக்கிவிட்டது. அங்கே கவிழ்ந்து செத்தவர் எண்ணிக்கை காலப்போக்கில் வெகுவாகக் குறைந்தது. உங்கள் வண்டியிலும் அது இருக்கிறது, மடங்கிக் கிடக்கிறது.

லோங்காங் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் கரையிலிருந்து தள்ளியே ஓட்டுங்கள். மழை விட்ட மறுநாள் மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே ஊறியிருக்கும். கரையை ஒட்டிய அந்த இடத்தைச் சங்கூலால்தான் எடுக்க வேண்டும்.

கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவு) என்றால் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். ஒருவரை அதற்கென்றே நிறுத்தி விலக்குங்கள். தீபாவளி விளக்குக் கட்ட வாளியில் ஆளை ஏற்றித் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஏணி அல்ல! தூக்கிய வாளிக்கு அடியில் யாரும் நிற்கவும் கூடாது. அறுந்த மின்கம்பி கிடந்தால் அந்தப் பக்கமே போகாமல் மின்வாரியமான தெனாகாவை 15454இல் கூப்பிடுங்கள். ஆளுக்கு அடிபட்டால் 999. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியை இறக்கவே இறக்காதீர்கள், பாதை எது லோங்காங் எது என்று தெரியாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை, இந்த வாரமே. சமதரையில் வண்டியை நிறுத்தி, வாளியை ஓர் அடிக்குத் தூக்குங்கள். அந்த நிலையில் கையும் அதன் தூணும் சேரும் இடத்தில், இருக்கையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, இரண்டிலும் ஒரே நேராக மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். ஓட்டும்போது இரண்டு கோடும் நேராக நிற்க வேண்டும். கையில் உள்ள கோடு மேலே போனால் வண்டியை நிறுத்திவிட்டு இறக்குங்கள். பெயிண்ட் காய அரை நாள் வெயில் வேண்டும். இப்போது காலையில்தான் வெயில் இருக்கிறது.