நீர்த்தொட்டியின் தர்மம்

கேள்வி: கணிப்பொறியை நீரால் குளிர்விக்க, அக்ரிலிக் தகட்டில் நானே தொட்டி செய்ய எண்ணுகிறேன். தொட்டி பெரிதாயிருந்தால் சூடு குறையுமா?

பதில்: குறையாது. 1 லிட்டர் நீரின் உஷ்ணநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4,200 ஜூல் சக்தி போதுமாகையால், 200 வாட் வெப்பத்தை இடைவிடாது உமிழும் யந்திரம் அக்காரியத்தை 21 விநாடிகளில் முடித்துவிடும். தொட்டியின் பருமன் சூடேறுவதைச் சற்றே தாமதப்படுத்துமேயன்றி, இறுதி உஷ்ணத்தை நிர்ணயிப்பது வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்கும் ரேடியேட்டரே.

தொட்டியின் பிரதான தர்மம், நீரோட்டத்தில் கலந்த காற்றுக்குமிழிகளைப் பிரித்து மேலெழச் செய்வதும், பம்பு ஒருகணமும் வறண்டு சுழலாதபடி காப்பதுமே. ஆதலின் அதனைப் பம்புக்கு மேலாக நிறுத்தி, நீர் வெளியேறும் வாயை அடித்தளத்தை ஒட்டியும், திரும்பிவரும் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயும் அமைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகட்டைப் பொருத்துவது உசிதம். அக்ரிலிக்கை ஆல்கஹாலால் துடைத்தால் விரிசல் காணலாம். சோப்பு நீரே க்ஷேமம். செம்புள்ள சுற்றில் அலுமினியத்தைச் சேர்த்தால் அரிப்பு நேரும். காய்ச்சி வடித்த நீரை வார்த்து, பம்பை மாத்திரம் 24 மணி நேரம் ஓட்டி, கசிவில்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே கணிப்பொறிக்கு மின்சாரம் கொடுங்கள்.